உம்மு குல்சூமின் நடு அறை

1979ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்து ஒன்பதாம் நாள், எருக்கலம்பிட்டியில் உம்மு குல்சூமின் வீட்டு நடு அறைச் சுவரில் தேசிக்காய் அளவில் ஒரு கட்டி வளர்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தால் உடம்புச் சூடு இருந்தது. முதலில் கண்டவன் அவளுடைய கணவன் சனூன். படகு எஞ்சின் திருத்துகிறவன். சத்தத்தைக் கேட்டே எந்த நட்டுத் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான் என்று தாழ்வுபாட்டுக் கரை வரைக்கும் பெயர் எடுத்தவன். அவன் காதை வைத்துக் கேட்டான். கட்டிக்குள் ஒன்றும் ஓடவில்லை. விரலால் தட்டினான். சுவரைத் தட்டிய சத்தம் வரவில்லை. தொடையைத் தட்டிய சத்தம் வந்தது.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். குல்சூமின் வாப்பா தாவூது, 1955இல் அவள் பிறந்து நாற்பதாம் நாள் அதற்கு அத்திவாரம் போட்டார். வீடு பெண்ணுக்கு உரியது, மாப்பிள்ளை வந்து குடியிருப்பவர் என்பதால், பெண் பிறந்ததும் வீட்டைத் தொடங்கி, மீன் பருவம் முடியும்போதெல்லாம் இரண்டு வரிசை முருகைக்கல் ஏற்றுவது அவருடைய குடும்பத்தின் வழக்கம். குல்சூம் நடக்கப் பழகியபோது சுவர் முழங்கால் அளவு இருந்தது. அவள் பெரியபிள்ளையான வருடம் நடு அறைக்கு நிலை வைத்தார்கள். முன் அறை, நடு அறை, குசினி என்று மூன்றும் றெயில் பெட்டிகள் போல ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. முன்னாலிருந்து குசினிக்குப் போக நடு அறையைக் கடந்துதான் போகவேண்டும். 1975இல் சனூன் ஒரு றங்குப் பெட்டியோடும் சாமான் பெட்டியோடும் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தான். வீட்டுக்கும் அவளுக்கும் ஒரே வயது என்பது எல்லோருக்கும் தெரியும். வேறு எதுவும் ஒன்றாக இருக்கக்கூடும் என்று ஒருவரும் யோசித்ததில்லை.

கட்டியைப் பார்த்த ஊர் உடனே உப்பு என்றது. மன்னாரில் சுவர் வீங்கினால் அதுதான் காரணம். கடல் மணலைச் சரியாகக் கழுவாமல் பூச்சுக்குக் குழைத்தால், அதிலுள்ள உப்பு மாரியில் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் காயும்போது மணி மணியாகப் பெருக்கும், பெருத்த மணி பூச்சைத் தள்ளும். ஆனால் உப்புக் கட்டி தட்டினால் பொருபொருவென்று உதிரும். இது உதிரவில்லை என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் பெரிய வாக்குவாதம் தொடங்கியிருந்தது.

“மூண்டு தண்ணியில கழுவின மணல். நான் பக்கத்தில நிண்டு பாத்தனான்” என்றார் தாவூது.

பூச்சுப் பூசிய மேசன், பக்கத்து ஊரான கீரியைச் சேர்ந்த சிங்கராசா, சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு வந்தார். “என்ர பூச்சில உப்புப் பூத்தா, காக்கா, உளியைக் கடலுக்குள்ள எறிஞ்சிட்டு நான் பனங்கிழங்கு விக்கப் போறன்.”

“அப்ப இது என்ன, மேசனார்? சுவருக்குச் செங்கமாரி நோயோ?” என்று கேட்டுக்கொண்டு குல்சூம் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனாள்.

சிங்கராசா உளியை வைத்து ஒரே போடாகக் கட்டியைச் சீவினார். அது தரையில் விழுந்து உடையாமல் உருண்டது. சீவிய இடத்தில் சிவந்த தண்ணீர் கசிந்தது. குசினியில் சட்டி விழுந்த சத்தம் கேட்டது. குல்சூம் இரண்டு கையாலும் அடிவயிற்றைப் பிடித்தபடி அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். பதினொரு நாள் அவளுக்கு இரத்தப் போக்கு நிற்கவில்லை. சனூன் அந்தக் கட்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய் இரண்டாக அறுத்துப் பார்த்தான். உள்ளே கல்லும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. வெள்ளை நார், நூற்பந்து சுற்றியது போலச் சுழன்று சுழன்று இறுகியிருந்தது. சிங்கராசாவின் பூச்சில் உப்பு இருக்கவில்லை என்பது உறுதியாயிற்று. இருந்தும் அவர் உளியைக் கடலில் எறிந்துவிட்டார். மூன்றாம் மாதம் அதே இடத்தில் கட்டி திரும்ப வந்தது. அடுத்த வருடம் இன்னும் இரண்டு வந்தன: ஒன்று குசினிப் பக்க வாசல் நிலைக்கு அருகில், சுவரின் தடிப்புக்குள், மற்றது வெளிச்சுவரில், ஒரு காம்பில் தொங்கும் மாங்காய் போல.

அன்றிலிருந்து சனூன் காலையில் எழுந்ததும் முதலில் சுவரைப் பார்த்தான். எஞ்சின் தண்டு அளக்கும் வேணியரை எடுத்து மூன்று கட்டிகளையும் கிழமைக்கொருதரம் அளந்து, கலண்டரின் பின்பக்கத்தில் எழுதினான். மாதத்தில் ஒருதரம் நடு அறையின் உட்பூச்சு ஈரம் கண்டு உரிந்து விழும், பிறகு தானே புதிதாகப் படரும். முன்பு அது நான்கு நாள் வேலை. இப்போது எட்டு நாள், பத்து நாள் ஆயிற்று. தரையைத் துடைத்து முடியவில்லை. குல்சூம் வெளிறிப்போனாள். கிணற்றடியிலிருந்து வாளியோடு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். அரிசி கொழிக்கும்போது பச்சை அரிசியை அள்ளி அள்ளி வாயில் போட்டாள். இரத்தம் குறைந்தவர்களுக்கு அப்படி ஒரு வெறி வரும் என்று அப்போது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அவளுக்கு அரிசி ஆசை என்று மட்டும் நினைத்தார்கள்.

1981இல், உள்ளே பிதுங்கி நின்ற அந்த முதல் கட்டியின் மேல் சல்லிக்காசு அளவில் ஒரு பச்சைப் பாசி படிந்தது. பிள்ளை தங்கியிருப்பது குல்சூமுக்கே இன்னும் தெரியாதபோது சனூனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் மூச்சுக்காற்றுப் படாமல் தள்ளி நின்று பார்த்தான். பாசி ஏழு கிழமை உயிரோடு இருந்தது. எட்டாம் கிழமை ஓரம் பழுப்பாகிற்று. அவன் தண்ணீர் தெளித்தான், பிறகு தெளிக்கக் கூடாதோ என்று பயந்து ஒற்றி எடுத்தான். வெள்ளிக்கிழமை யும்ஆவுக்குப் போய் வந்தபோது பாசி காய்ந்து நிலத்தில் கிடந்தது, குல்சூம் பாயில் சுருண்டு கிடந்தாள். 1984இல் இன்னொரு பாசி, அதே கட்டியின் சரிவில். அது பதின்மூன்று கிழமை இருந்தது. இரண்டு தடவையும் பிள்ளை தங்காது என்பது அவனுக்கு அவளைவிட ஒரு நாள் முன்னதாகத் தெரிந்தது. அந்த ஒரு நாளை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. முதல்முறை அவளிடம் சொல்லவில்லை. இரண்டாம் முறையும் சொல்லவில்லை.

இதற்குப் பிறகுதான் கொழும்புக்குப் போனார்கள். புதிதாக வந்திருந்த ஸ்கான் மெசினில் பார்த்த பெண் டொக்டர், பொறுமைசாலி, ஒரு தாளில் படம் கீறிக் காட்டினார். பிள்ளைப்பை என்பது கவிழ்த்துப் பிடித்த கொய்யாப்பழம் அளவில் ஒரு தசைப் பை. அதன் சுவரில் எங்கோ ஒரு தசைத் துணுக்குத் தன் அளவை மறந்து பெருகத் தொடங்கினால் அது நார்க்கட்டி. புற்றுநோய் இல்லை. எத்தனையோ பெண்களுக்கு இருக்கிறது. பாதிப் பேருக்கு இருப்பதே தெரியாது, பிள்ளையும் பெறுகிறார்கள். வெளிப்பக்கம் தொங்குகிற கட்டி பெரும்பாலும் பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது. சுவரின் தடிப்புக்குள் இருப்பது பெருத்தால் தொந்தரவு. உள்ளே பிதுங்குவதுதான் பொல்லாதது: அதன்மேல் உட்பூச்சு இழுபட்டு மெலிந்திருக்கும், இரத்தம் குறைவாக வரும், கரு வந்து ஒட்டினாலும் வேர்விட இடம் கிடையாது. மாதப்போக்குக் கூடுவதும் அதனால்தான்.

“கட்டி எவ்வளவு பெரிசு எண்டதில்லை, எங்க இருக்கு எண்டதுதான் முக்கியம்” என்றார் டொக்டர்.

சனூன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “டொக்டர், இது எங்கட வீட்டு நடு அறை.”

“எல்லாரும் அப்பிடி ஏதாவது ஒண்டு சொல்லுவினம். போன கிழமை ஒருத்தர் தன்ர லொறி எண்டவர்.”

“அவர்ர லொறியில பாசி பிடிச்சிருக்காது” என்றாள் குல்சூம்.

கட்டியை மட்டும் எடுத்துவிட்டுப் பையைத் தைத்துவிடலாம் என்றார் டொக்டர். ஆனால் நிறைய இரத்தம் போகும், இவளிடம் போவதற்கு இரத்தம் இல்லை. முதலில் இரும்புக் குளிசை, ஆறு மாதம். பிறகு நாள் குறித்தார்கள். அந்தக் கிழமை சண்டையால் பாதை மூடியிருந்தது. இன்னொரு நாள் குறித்தார்கள். மதவாச்சி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்கள். மூன்றாவதாக நாள் குறிப்பதற்குள் அந்த டொக்டர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். 1986இல் தாவூது மௌத்தானார்; கடைசி வரைக்கும் மணலை மூன்று தண்ணீரில் கழுவியதாகவே சொல்லிக்கொண்டிருந்தார். சனூன் அளந்துகொண்டிருந்தான். கலண்டர்கள் ஏழு சேர்ந்தன. எந்த எஞ்சினையும் கழற்றிப் பூட்டத் தெரிந்தவனுக்குத் தன் வீட்டுச் சுவரில் ஒரு நட்டுக் கூட இல்லை என்பது பெரிய வேதனையாக இருந்தது.

1990 ஏப்ரலில் மூன்றாவது பாசி வந்தது. இம்முறை எதிர்ச் சுவரில், கட்டியே இல்லாத நல்ல இடத்தில், தலைக்கு மேலே. எட்டாம் கிழமை தாண்டிற்று. பதின்மூன்றாம் கிழமை தாண்டிற்று. பாசி சுவர் முழுவதும் படர்ந்து மெத்தையாயிற்று. குல்சூமுக்கு முப்பத்தைந்து வயது. அவள் சிரிப்பதற்குப் பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டு திரிந்தாள். ஆனால் பிள்ளைக்கென்று வருகிற இரத்தம் பிள்ளைக்கு மட்டும் போவதில்லை. கட்டிகளும் அதே குழாயில் குடிக்கின்றன. முதல் மாதங்களில் மூன்றும் பெருத்தன. நிலைக்கருகில் இருந்தது தேங்காய் அளவாகி, வாசலுக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. கதவைப் பாதிதான் திறக்க முடிந்தது. சோற்றுப் பானையோடு பக்கவாட்டில் நுழைந்துதான் குசினியிலிருந்து வரவேண்டும். பிள்ளை வருகிற வாசலும் அதுதான் என்பதைச் சனூன் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஐந்தாம் மாதம், உள்ளே பிதுங்கிய கட்டி ஒரு காலையில் பீற்றூட் நிறமாகியிருந்தது. கை வைக்க முடியாத சூடு. கட்டி வேகமாக வளர்ந்து, தனக்கு வருகிற இரத்தம் தனக்கே போதாமல் நடுவில் செத்துப்போவது அது. குல்சூம் ஒன்பது நாள் கத்தினாள். மன்னார் ஆசுப்பத்திரியில் எஞ்சியிருந்த டொக்டர் வயிற்றை அமர்த்திப் பார்த்து, செய்வதற்கு ஒன்றும் இல்லை, வலிக் குளிசை போட்டுப் படுக்கட்டும், தானே அடங்கும் என்றார். சனூன் துவாயைக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்து நனைத்துச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். கை மரத்தது. அதனால் பிரயோசனம் இருந்ததா என்பது இன்றுவரை தெரியாது.

பாயிலிருந்து குல்சூம் தலையைத் திருப்பினாள். “நோகுறது எனக்கு. நீங்க சுவருக்கு ஒத்தடம் குடுக்கிறியள்.”

“ரெண்டும் ஒண்டுதானே, குல்சூம்.”

“ஒண்டு எண்டா இஞ்ச வாங்கோ. சுவர் உங்களைக் கூப்பிடேல்லை.”

அவன் வந்து அவள் பக்கத்தில் இருந்தான். இருந்துகொண்டு சுவரைப் பார்த்தான்.

பத்தாம் நாள் வலி அடங்கியது. பிள்ளை குறுக்கே கிடந்தது. மேடும் பள்ளமுமான அறையில் தலையைக் கீழே வைக்க அதற்கு இடமில்லை. வயிற்றைத் தடவிப் பார்த்த டொக்டர், இது வாசலால் வராது, மார்கழிக்கு முன்னம் இரத்தம் ஏற்ற வசதியுள்ள ஆசுப்பத்திரி ஒன்றுக்குப் போய்ச் சேருங்கள் என்றார். எதற்கும் பாதை திறக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

பாதை திறக்கவில்லை. ஒக்ரோபர் கடைசியில், ஊரில் உள்ள முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று ஆயுதம் வைத்திருந்த இயக்கத்தார் அறிவித்தார்கள். கொண்டுபோகக் கூடியது கையில் பிடிக்கக் கூடியது மட்டும். ஊர் முழுவதும் கரைக்கு நடந்தது. சனூன் முன் கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் கட்டினான். பிறகு மீண்டும் திறந்து உள்ளே ஓடி, நடு அறைச் சுவரில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றான். கதவையும் யன்னலையும் கூடச் சிலர் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுவரை யாரும் தூக்கிக்கொண்டு வர முடியாது. வெளியே குல்சூம், “சுணங்கினா வள்ளம் போயிடும்” என்றாள்.

கற்பிட்டிக்குப் போகும் வள்ளத்தில் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். நடுக்கடலில் எஞ்சின் நின்றது. சனூன் எழுந்துபோய், பிளக்கைக் கழற்றி, சாரத் தலைப்பில் துடைத்துப் பூட்டினான். எஞ்சின் ஓடியது. அந்த வருடத்தில் அவன் கையால் சரியாகிப்போன ஒரே காரியம் அது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது பார்ப்பதற்கு நாலு பக்கமும் தண்ணீர் மட்டுமே இருந்தது. கட்டி சிவந்திருக்கிறதா, பாசி பச்சையாக இருக்கிறதா, கதவு எவ்வளவு திறக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அவன் மனைவியின் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

“எப்பிடி இருக்கு உனக்கு?”

குல்சூம் அவன் பக்கம் திரும்பினாள். “இப்பதான் கேக்கத் தெரியுதா?” என்றாள். பிறகு சொன்னாள். எங்கே இழுக்கிறது, எங்கே பாரம், பிள்ளை எந்தப் பக்கம் உதைக்கிறது, முதல் இரண்டும் போனபோது அவளுக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது, அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்திருந்தது. கற்பிட்டிக் கரை தெரியும் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நவம்பர் நடுவில், புத்தளத்தில் ஓலைக் கொட்டில் ஒன்றில் இருந்தபோது, நாள் ஆவதற்கு முன்பே அவளுக்கு வலி கண்டது. ஆசுப்பத்திரியில் காலை ஒன்பதரைக்கு வயிற்றை அறுத்துப் பெண் பிள்ளையை எடுத்தார்கள். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, அழுதது. ஆனால் இரத்தம் நிற்கவில்லை. பிள்ளை வெளியே வந்ததும் பிள்ளைப்பை கையை முட்டியாக மூடுவது போல இறுகவேண்டும். அந்த இறுக்கத்தில்தான் வாய் திறந்து கிடக்கும் இரத்தக் குழாய்கள் நெரிபட்டு அடைபடும். முட்டிக்குள் மூன்று கல் இருந்தால் கை மூடாது. முகாமிலிருந்து வந்து வரிசையில் நின்றவர்களிடம் எடுத்த இரத்தம் ஒரு பக்கம் ஏறியது, மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது. டொக்டர் கையுறையோடு வெளியே வந்தார்.

“பையை எடுக்கவேணும். இல்லாட்டி ஆளைக் காப்பாத்த ஏலாது. இதில ஒப்பம் வையுங்கோ.”

சனூன் தாளை வாங்கினான். பேனையை வாங்கவில்லை. “டொக்டர், அது அவட பேரில இருக்கிறது. நான் ஒப்பம் வைக்கலாமோ?”

“எது?”

“வீடு.”

இடம்பெயர்ந்து வந்தவர்கள் இப்படிப் பேசுவதை டொக்டர் அந்த மாதத்தில் நிறையக் கேட்டிருந்தார். “அவவுக்கு இப்ப நினைவில்லை, காக்கா. நீங்கதான் வைக்கவேணும்” என்று மெதுவாகச் சொன்னார். சனூன் ஒப்பம் வைத்தான். அப்போது மணி பத்து.

குல்சூம் பிழைத்தாள். பிள்ளைக்குச் சரீபா என்று பெயர் வைத்தார்கள். கண் விழித்த மூன்றாம் நாள் சனூன் அவளிடம் கேளாமல் ஒப்பம் வைத்ததைச் சொன்னான். அவள் பிள்ளையின் பிடரியைத் தடவிக்கொண்டிருந்தாள். “என்னட்டக் கேட்டிருந்தாலும் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன்” என்றாள். “ஆனாக் கேட்டிருக்கலாம்.” கேட்க வழியே இருக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். புத்தளத்தில் இருபது வருடம் போயிற்று. ஓலை தகரமாயிற்று, தகரம் சீமெந்தாயிற்று. அந்தச் சீமெந்துச் சுவரில் ஒன்றும் முளைக்கவில்லை. சனூன் அதைப் பார்ப்பதுமில்லை. சரீபா பெரியபிள்ளையானபோது, ஏழு நாளைக்கு மேல் போக்கு இருந்தால் உம்மாவிடம் சொல், உம்மா இல்லாவிட்டால் என்னிடம் சொல், வெட்கப்படாதே என்று அவனே அவளிடம் சொன்னான். எருக்கலம்பிட்டியில் எந்த வாப்பாவும் மகளிடம் அப்படிப் பேசியதில்லை.

2010இல் அவர்கள் ஊர் திரும்பினார்கள். முன் அறை நின்றது. குசினி நின்றது. நடுவில் அறை இல்லை. இடிந்த கல்லோ, விழுந்த ஓடோ, கட்டிகளின் தடமோ எதுவும் இல்லை. பதினொரு அடிக்குப் பன்னிரண்டு அடி வெள்ளை மணல். அதைப் பார்த்து நின்ற முன் அறைச் சுவரும் குசினிச் சுவரும் பூச்சுப் பூசி முடித்தது போல ஒழுங்காக இருந்தன. கீரியிலிருந்து சிங்கராசா, இப்போது பொல்லூன்றி, அவர்களைப் பார்க்க வந்தார். அறை போனதை அவர் கண்டிருந்தார். அந்த நவம்பரில் ஒரு நாள் காலை பத்து மணி போல வீதியால் வந்தபோது, சத்தம் ஒன்றும் இல்லாமல், விளக்கு அணைந்தது போலப் போயிற்று என்றார். “நல்ல வேலை. நான் செய்தாலும் இவ்வளவு நேர்த்தியா வராது, பிள்ளை” என்று வெட்டு வாயைத் தடவிப் பார்த்தார்.

சேதம் பதிய வந்த கிராம சேவகர், காணி உறுதிப் பத்திரத்தில் மூன்று அறை இருக்கிறது, தரையில் இரண்டுதான் இருக்கிறது என்று நெற்றியைச் சுருக்கினார். படிவத்தில் காரணத்துக்கு ஒரு கூடு இருந்தது. செல் குண்டு விழுந்ததா, களவு போனதா, கடல் கொண்டதா என்று கேட்டார்.

“பிள்ளைப்பேறு” என்றாள் குல்சூம்.

அவர் அவளையும், பின்னால் சாமான் இறக்கிக்கொண்டு நின்ற சரீபாவையும் பார்த்தார். அப்படியே எழுதிக்கொண்டார்.

இரண்டு வருடம் கழித்து, சரீபாவுக்குக் கல்யாணம் பேசி, வீட்டை அவளுடைய பேருக்கு மாற்றி எழுதினார்கள். நடுவில் ஒரு கூரையாவது போடலாமே என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். இரண்டு தடவை கூரைக்குத் தீராந்தி மரம் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு தடவையும் காலையில் தீராந்தி முற்றத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. பிறகு விட்டுவிட்டார்கள். மழை நாட்களில் முன் அறையிலிருந்து குசினிக்குக் குடை பிடித்துக்கொண்டு போனார்கள், கறிச்சட்டியை மூடிக்கொண்டு வந்தார்கள்.